பைபிள் காலத்து வீடுகள்ல சாமான் வைக்கிற பெட்டி இருந்துச்சா, அதுல என்ன வச்சாங்க?

சிஸ்டர், உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். சண்டே ஸ்கூல்ல, கட்டளை எழுதுன கற்பலகைகளை வச்ச உடன்படிக்கைப் பெட்டி பாடம் எடுக்குறப்போ ஒரு பையன் "அப்போ எல்லார் வீட்லயும் பெட்டி இருந்துச்சா மிஸ், அதுல என்ன வச்சிருப்பாங்க"ன்னு கேட்டுட்டான், நீங்க நெட்ல தேடுனப்போ "அந்தக் காலத்துல ஒவ்வொரு யூதப் பொண்ணுக்கும் கல்யாணத்துக்கு கேதுரு மரப் பெட்டி குடுப்பாங்க"ன்னு ஒரு தகவல் வந்திருக்கு, அது உண்மையான்னு கேக்குறீங்க. ஆனா பையன் கேட்டது அதைவிட பெரிய கேள்வி. ஜனங்க தங்களோட பொருளை எதுலதான் வச்சாங்க, பைபிள்ல பெட்டிங்கிறது இவ்ளோ கம்மியா வர்றதுக்கும், வர்ற இடமெல்லாம் பெரிய விஷயமா இருக்குறதுக்கும் என்ன காரணம்? இதைத்தான் அவன் கேட்டிருக்கான். நான் ஒரு இறையியல் கல்லூரியில பழைய ஏற்பாட்டுப் பின்னணி பாடம் ரொம்ப வருஷம் எடுத்தவன். தொல்லியல் அறிக்கைகளைப் படிச்சு பாடம் நடத்துனவன்தான், மண்ணைத் தோண்டுனவன் இல்ல. அந்த அளவுல எடுத்துக்கங்க.

பையனுக்கான பதிலை முதல்லயே சொல்லிடுறேன். சாதாரண இஸ்ரவேலர் வீட்டுல மரப்பெட்டி முக்கியமான சாமானா இருந்ததுக்கு ஆதாரம் ரொம்பக் குறைவு, அவங்க நம்புனது மண்பாண்டத்தைத்தான். நியாயாதிபதிகள் காலம்னு நாம சொல்ற கி.மு. 1200லருந்து 1000 வரைக்கும், மலைநாட்டு கிராமங்கள்ல பெரிய பெரிய சால் கிடைக்குது, கழுத்துக்குக் கீழ வளையம் மாதிரி ஒரு விளிம்பு ஓடும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், நூறு லிட்டருக்கு மேல பிடிக்கும், நிரப்பிட்டா யாராலயும் நகர்த்த முடியாது. தானியம், தண்ணி, எண்ணெய், திராட்சரசம் எல்லாம் அதுலதான். அதுக்கப்புறம் தரையில வெட்டி கல்லடுக்குன குழிகள், கூடை, தோல் பை, துருத்தி. சுவர்ல அடிச்ச முளையும் ஒரு அலமாரிதான், ஏசாயா 22ல அரண்மனை அதிகாரி எலியாக்கீமை ஆணியா அடிக்கிறதும் அவன் மேல வீட்டுப் பாத்திரம் பூரா தொங்குறதும் அப்புறம் ஆணி முறிஞ்சு எல்லாம் விழுறதும் வருதே, அது அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்த ஆள் சொல்ற பேச்சு. உபாகமம் 28ல ஆசீர்வாதம் சொல்றப்ப கூடையும் மா பிசையுற தொட்டியும் வருது, சாறிபாத் விதவைகிட்ட பானையில ஒரு பிடி மாவும் கலயத்துல கொஞ்சம் எண்ணெயும் இருக்கு. பெட்டின்னு ஒண்ணு அந்த வீடுகள்ல தலையே காட்டல.

துணி வைக்கவாவது பெட்டி வேண்டாமான்னு கேப்பீங்க. வைக்கிற அளவுக்கு துணி இருந்தாத்தானே. யாத்திராகமம் 22ல ஒரு சட்டம் இருக்கு, ஏழையோட மேலாடையை அடகா வாங்குனா பொழுது சாயுறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும், ஏன்னா ராத்திரி போத்திக்க அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. இது வெறும் நீதிபோதனை இல்லைங்கிறதுக்கு 1960ல எழுத்து இருக்குற ஒரு ஓட்டுச்சில்லு கிடைச்சுது, மத்தியதரைக் கடலோரம் மெசாத் ஹஷவ்யாஹுங்கிற சின்ன கோட்டையில, கி.மு. 7ஆம் நூற்றாண்டு. அறுவடைக்குப் போன ஒரு கூலி ஆள் அதிகாரிக்கு எழுத வச்ச புகார் அது. நான் என் வேலையை முடிச்சு தானியத்தைச் சேர்த்து வச்சேன், அப்படியும் சோபாயோட மகன் ஓசாயாகு வந்து என் துணியை எடுத்துட்டுப் போயிட்டான், என்கூட வெயில்ல அறுத்தவங்க எல்லாம் எனக்கு சாட்சி சொல்வாங்க, துணியைத் திருப்பி வாங்கிக் குடுங்கன்னு கெஞ்சுறான். நான் வகுப்புல இதை வாசிக்கிறப்பெல்லாம் பசங்க அமைதியாயிடுவாங்க. ஒரே ஒரு துணிக்காக அதிகாரிக்கு மனு எழுதுற ஆளுக்கு துணிப்பெட்டி எதுக்கு சொல்லுங்க.

காசு பணமாவது பெட்டியில இருந்திருக்குமேன்னா, அதுவும் பெரும்பாலும் மண்ணுலதான் இருந்துச்சு. ஆகான் எரிகோவுல திருடுன பாபிலோனிய சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் பொன்பாளம் எல்லாத்தையும் கூடாரத்துக்குள்ள குழி தோண்டிப் புதைச்சான், வெள்ளி அடியில இருந்துச்சுன்னு கூட யோசுவா 7 சொல்லுது. எபிரோனுக்குத் தெக்க எஸ்தெமோவாங்கிற ஊர்ல 1968ல வெள்ளி புதையல் ஒண்ணு கிடைச்சுது, அஞ்சு மண்ஜாடி நிறைய வெட்டுன வெள்ளித் துண்டும் நகையும். எரேமியா 41ல இஸ்மவேல் கொலை வெறியில நிக்கிறப்போ பத்து பேர் தப்பிக்கிறாங்க, எப்படின்னா "எங்களைக் கொல்லாதே, கோதுமை, வாற்கோதுமை, எண்ணெய், தேன் எல்லாம் வயல்ல மறைச்சு வச்சிருக்கோம்"னு சொல்லி. அதே எரேமியா 32ஆம் அதிகாரத்துல ஆனதோத் நிலத்தை பதினேழு சேக்கலுக்கு வாங்கிட்டு, கிரயப்பத்திரம் ரெண்டையும் பாருக்கு கையில குடுத்து, ரொம்ப நாள் இருக்கணும்னு மண்பாண்டத்துல வைக்கச் சொல்றார். அந்த ஐடியா எவ்ளோ சரின்னு 1947ல சவக்கடல் பக்கத்து கும்ரான் குகையில ஜாடிகளும் அதுக்குள்ள சுருள்களும் கிடைச்சப்போ உலகமே பார்த்துச்சு.

இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும், இல்லன்னா நான் ஒருதலையா பேசுன மாதிரி ஆயிடும். மழை பெய்யுற மலைநாட்டுல மரம் மக்கிடும், மண் ஓடு மக்காது, அதனால தோண்டுறப்ப கிடைக்கிறதை மட்டும் வச்சு மரப்பெட்டியே இல்லைன்னு அடிச்சுப் பேச முடியாது. மரம் தப்பிச்ச இடங்கள்ல பெட்டியும் இருந்திருக்கு. காத்லீன் கென்யன் 1950கள்ல எரிகோவுல தோண்டுன கல்லறைகள்ல மேசை, முக்காலி, கூடை இதோட எலும்புச் சில்லு பதிச்ச சின்ன மரப்பெட்டிகளும் கிடைச்சுது, மைடப்பா சீப்பு மாதிரி அலங்கார சாமான் வைக்கிற சைஸ்தான். இன்னொரு பக்கம், கி.மு. 701ல அசீரிய ராஜா சனகெரிப் யூதாவோட லாகீஸ் பட்டணத்தைப் பிடிச்சதை நினிவே அரண்மனைச் சுவர்ல செதுக்கி வச்சிருக்கான், இப்ப அது பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல ஊரை விட்டு துரத்தப்படுற யூதா குடும்பங்களைப் பாருங்க, மாட்டு வண்டி மேல மூட்டை, மூட்டை மேல பொம்பளைங்களும் பிள்ளைங்களும், ஆம்பளைங்க தோள்ல பை. வீட்டையே காலி பண்ணிட்டுப் போறப்பவும் மூட்டைதான். ஒரு சிற்பத்தை வச்சு முடிவு கட்டக்கூடாதுதான், ஆனா மத்த ஆதாரத்தோட அது ஒத்துப்போகுது. அதனால சின்ன பெட்டி சில வீடுகள்ல இருந்திருக்கலாம், பெரிய மரப்பெட்டி வசதியான வீட்டு சாமான், இதுதான் என் கணிப்பு.

பெட்டின்னா என்னன்னு கண்ணால பார்க்கணும்னா எகிப்துக்குத்தான் போகணும். அங்க மண் காய்ஞ்சு கிடக்குறதால மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின பெட்டி அப்படியே இருக்கு. அரச கல்லறைகளைக் கட்டுன வேலைக்காரங்க ஊரான தேர் எல் மெதினாவுல அரசரோட கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளரா இருந்தவர் கா, அவர் மனைவி மெரித், இவங்க கல்லறையை 1906ல இத்தாலிக்காரர் ஸ்கியாபரெல்லி கண்டுபிடிச்சார், திருடன் கைபடாத கல்லறை, சாமான் முக்கால்வாசி இப்ப தூரின் மியூசியத்துல இருக்கு. அதுல கலர் அடிச்ச மரப்பெட்டிகள், உள்ள மடிச்சு வச்ச லினன் துணிகள், அவர் துணின்னு தெரியறதுக்கு மூலையில போட்ட அடையாளம், மெரித்தோட விக் வைக்கிறதுக்குன்னு தனியா உயரமான பெட்டி, தைலக் குப்பிகள் ஆடாம நிக்க உள்ள தடுப்பு வச்ச அழகுசாதனப் பெட்டி. எகிப்து ராஜா டுடன்காமுன் கல்லறையில, 1922ல திறந்தது, பெட்டிகள் எக்கச்சக்கம். வேட்டையும் போரும் வரைஞ்ச ஒரு பெட்டியை ஹோவர்ட் கார்ட்டர் அடிவரைக்கும் காலி பண்ண மூணு வாரம் ஆச்சு, செருப்பும் மணி கோத்த துணிகளும் ஒண்ணு மேல ஒண்ணா திணிச்சுக் கிடந்துச்சு. திருடங்க வந்துபோன பிறகு காவல் அதிகாரிங்க அவசரத்துல கைக்கு வந்ததை கைக்கு வந்த பெட்டியில திணிச்சுட்டுப் போயிருக்காங்க, மூடியில எழுதியிருக்குற லிஸ்ட் ஒண்ணு, உள்ள இருக்குறது வேற.

இந்த எகிப்து பெட்டிகள்ல நான் பசங்களுக்கு எப்பவும் காட்டுறது பூட்டுற விதம். மூடியில ஒரு குமிழ், பெட்டியோட முகப்புல ஒரு குமிழ், ரெண்டையும் சேர்த்து கயிறு சுத்தி, கயிறு மேல ஈரக் களிமண்ணை அப்பி, அதுல முத்திரையை அழுத்திடுவாங்க, அவ்ளோதான். கயிறை யார் வேணா அறுக்கலாம், களிமண்ணை விரல்லயே உடைக்கலாம். நம்ம வீட்டு கரண்ட் மீட்டர்ல ஈபிகாரங்க போடுற சீல் என்ன வேலை பண்ணுதோ அதேதான் இது, திறக்கவிடாம தடுக்காது, திறந்தா தெரிஞ்சுடும். அந்தக் காலத்துல கதவுக்குத்தான் பூட்டு, நியாயாதிபதிகள் 3ல எக்லோன் ராஜாவோட வேலைக்காரங்க சாவி எடுத்து மேல்வீட்டைத் திறக்கிறாங்க இல்லையா. பைக்கும் சுருளுக்கும் முத்திரை, "என் மீறுதல் கட்டாக் கட்டப்பட்டு முத்திரை போடப்பட்டிருக்கு"ன்னு யோபு புலம்புறது அந்தப் பழக்கத்தை வச்சுத்தான். எருசலேம்ல தாவீதின் நகரம்ங்கிற பகுதியில 1982ல யிகால் ஷிலோ தோண்டுனப்போ பாபிலோனியர் எரிச்ச வீடு ஒண்ணுல ஐம்பத்தொரு முத்திரைக் களிமண் கிடைச்சுது, பாப்பிரஸ் சுருள் பூரா எரிஞ்சு சாம்பலாயிடுச்சு, அதே தீயில முத்திரை சுட்டு கெட்டியாகி தப்பிச்சுடுச்சு, பின்பக்கம் பாப்பிரஸ் நாரும் கயிறும் அழுந்துன தடம் கூட தெரியுது. அதுல ஒண்ணுல "சாப்பானின் மகன் கெமரியா"ன்னு இருக்கு, எரேமியா 36ல வர்ற அதே பேர்.

இப்ப பைபிள்ல பெட்டி வர்ற இடங்களுக்கு வரேன். உடன்படிக்கைப் பெட்டி, யோவாஸ் ராஜா காலத்து காணிக்கைப் பெட்டி, யோசேப்பை எகிப்துல வச்ச பெட்டி, மூணுக்கும் எபிரெயத்துல ஒரே வார்த்தை, நம்ம தமிழ் பைபிளும் மூணையும் பெட்டின்னே சொல்லிடுது, அதனால உங்க பசங்களுக்கு குழப்பம் இல்ல. நோவாவோட பேழையும் மோசேயோட நாணற்பெட்டியும் எபிரெயத்துல வேற ஒரு வார்த்தை, அதை இதோட கலக்காதீங்க. யோசேப்பு விஷயத்தை வேகமா சொல்லிடுறேன், எகிப்திய முறைப்படி சுகந்தவர்க்கமிட்டு வச்சாங்கன்னு ஆதியாகமம் 50 சொல்லுது, அது ஆள் உருவத்துல செஞ்ச சவப்பெட்டியா வெறும் செவ்வகப் பெட்டியான்னு வசனம் சொல்லல. இதெல்லாம் இல்லாம பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்புறப்போ பொன் சுண்டெலிகளையும் மத்த பொன் உருவங்களையும் ஒரு சின்ன பெட்டியில போட்டு வண்டியில பக்கத்துல வைக்கிறாங்க, 1 சாமுவேல் 6.

உடன்படிக்கைப் பெட்டி, ரெண்டரை முழம் நீளம், ஒன்றரை முழம் அகலம், ஒன்றரை முழம் உயரம். முழத்தை நாற்பத்தஞ்சு சென்டிமீட்டர்னு வச்சா நூத்திப் பன்னெண்டு நீளம், அறுபத்தேழு அகலமும் உயரமும். பசங்க சினிமா பார்த்துட்டு பெருசா நினைச்சிருப்பாங்க, ஒரு சின்ன மேசை அளவுதான். அதைச் செஞ்ச சீத்திம் மரம்னா நம்ம வேல மரத்தோட குடும்பம், பாலைவனத்துல கிடைக்கிற உறுதியான மரம் அது ஒண்ணுதான்னு சொல்லலாம். டுடன்காமுன் கல்லறையில இதுக்கு ரொம்ப கிட்டத்துல வர்ற ஒரு பெட்டி இருக்கு, அடியில வெண்கல வளையம், அதுல வழுக்கிட்டு உள்ள போற நாலு தண்டு, தூக்கணும்னா வெளிய இழுத்துக்கலாம், வேலை முடிஞ்சா உள்ள தள்ளிடலாம். அதை வச்சுக்கிட்டு யாத்திராகமம் 25:15ஐ வாசிங்க, தண்டுகள் வளையங்கள்லயே இருக்கணும், கழட்டவே கூடாதுங்குது. எகிப்துக்காரனுக்கு அறைக்குள்ள போய் நின்னுட்ட பெட்டி, இவங்களுக்கு எந்நேரமும் கிளம்பத் தயாரான பெட்டி. இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டுனாலே உங்க பாடத்துல பாதி முடிஞ்சுடும்.

உள்ள என்ன இருந்துச்சுங்கிறதுல நிச்சயமானது கற்பலகை ரெண்டு. 1 இராஜாக்கள் 8:9, சாலொமோன் ஆலயத்துல கொண்டுவந்து வச்சப்போ அந்த ரெண்டு பலகையைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு அழுத்திச் சொல்லுது. எபிரெயர் 9:4 மன்னா வச்ச பொற்பாத்திரத்தையும் ஆரோனோட துளிர்த்த கோலையும் சேர்த்து சொல்லுது. யாத்திராகமம் 16லயும் எண்ணாகமம் 17லயும் அதுங்களை சாட்சிக்கு, அதாவது அந்தப் பலகைகளுக்கு, முன்னாடி வைக்கச் சொன்னதாத்தான் இருக்கு, உள்ளன்னு இல்ல. முதல்ல இருந்து பின்னாடி தொலைஞ்சுதுன்னு சிலர், பக்கத்துல வச்சதையும் சேர்த்துப் பேசுற யூத மரபுன்னு சிலர். ரெண்டுக்கும் இடம் இருக்கு, நான் ரெண்டாவது பக்கம் சாயுறேன், ஆனா பசங்ககிட்ட "ரெண்டு பலகை நிச்சயம், மத்தது ரெண்டு விதமா சொல்லியிருக்கு"ன்னு சொன்னா போதும். ஒப்பந்தத்தை தெய்வத்தோட சந்நிதியில வைக்கிறது அக்கம்பக்கத்து நாடுகள்லயும் வழக்கம்தான், கி.மு. 14ஆம் நூற்றாண்டுல ஏத்திய (இன்னைய துருக்கிப் பக்கம்) அரசர் சுப்பிலுலியுமாவும் மித்தானி (இன்னைய வட சிரியா பக்கம்) அரசர் ஷத்திவாசாவும் பண்ண உடன்படிக்கையிலயே ஒரு பிரதி ஏத்திய நாட்டுல அரின்னாங்கிற ஊரோட சூரிய தேவி முன்னாடி, ஒரு பிரதி அங்க மித்தானியில அவங்க புயல் தெய்வத்துக்கு முன்னாடின்னு எழுதியிருக்கு. அந்தக் கண்ணோட பார்த்தா இது முதல்ல பத்திரம் வைக்கிற பெட்டி. திறந்து எடுத்து பயன்படுத்துறதுக்கில்ல, உள்ள பார்த்த பெத்ஷிமேஸ் ஊர்க்காரங்க செத்தாங்கன்னு 1 சாமுவேல் 6லயே இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது யோவாஸ் பெட்டி, 2 இராஜாக்கள் 12. ஆலயத்தைப் பழுதுபார்க்கன்னு ஆசாரியர்கள் பணம் வாங்குறாங்க, ராஜாவோட இருபத்து மூணாவது வருஷம் வரைக்கும் ஒரு வேலையும் நடக்கல. ராஜா கூப்பிட்டுக் கேக்குறார், இனி நீங்க பணம் வாங்க வேண்டாம்ங்கிறார். அப்போதான் ஆசாரியர் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து மூடியில ஓட்டை போட்டு பலிபீடத்துக்குப் பக்கத்துல, உள்ள வர்றவங்களுக்கு வலதுபக்கமா வைக்கிறார். பெட்டி நிறைஞ்சா ராஜாவோட எழுத்தரும் பிரதான ஆசாரியரும் ரெண்டு பேரும் சேர்ந்து வந்து எண்ணி பையில கட்டுவாங்க, ஒருத்தர் தனியா திறக்க முடியாது. அப்போ அச்சடிச்ச காசே கிடையாது, அது பின்னாடி வந்த சமாச்சாரம், ஓட்டைக்குள்ள விழுந்தது வெட்டுன வெள்ளித் துண்டா இருக்கணும், எஸ்தெமோவா ஜாடியில இருந்த மாதிரி துண்டு. கடைசியில வேலைக்காரங்களுக்குக் குடுக்க பணத்தை வாங்கிக்கிட்ட ஆளுங்ககிட்ட கணக்கு கேக்கல, அவங்க உண்மையா நடந்தாங்கன்னு ஒரு வரி வருது பாருங்க. ஆசாரியனுக்கு ஓட்டை போட்ட பெட்டி, மேஸ்திரிக்கு கணக்கே இல்ல! எழுதுனவர் குறும்புக்காரர்னு நான் நினைப்பேன். 2 நாளாகமம் 24ல இதே கதை கொஞ்சம் மாறி வருது, அங்க பெட்டி ஆலய வாசலுக்கு வெளிய இருக்கு, மிச்சப் பணத்துல பணிமுட்டுகள், அதாவது ஆலயப் பாத்திரங்கள் செஞ்சாங்கங்குது, இராஜாக்கள் புத்தகம் அந்தப் பணத்துல பாத்திரம் செய்யலங்குது. ரெண்டையும் ஒட்டவைக்க நிறைய பேர் முயற்சி பண்ணியிருக்காங்க, நான் ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்கன்னு விட்டுடுவேன்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா ஏழை விதவை ரெண்டு காசு போட்ட காணிக்கைப்பெட்டி. கி.பி. 200 வாக்குல தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவுல ஆலயத்துல பதிமூணு காணிக்கைப் பெட்டி இருந்ததா வருது, கொம்பு வடிவத்துல, புது சேக்கல், பழைய சேக்கல், பறவைப் பலி, விறகு, சாம்பிராணி, மனமுவந்த காணிக்கைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி. வாய் குறுகலா இருந்தது போடுற மாதிரி கையை விட்டு எடுக்கிறவங்களைத் தடுக்கத்தான்னு பின்னாடி வந்த யூத விளக்கங்கள் சொல்லுது. மாற்கு சொல்றது இந்தப் பெட்டிகளைத்தான்னு பெரும்பாலானவங்க எடுத்துக்குறாங்க, பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா அந்தச் சொல் கருவூல அறையையும் குறிக்கும்ங்கிறதால நூறு சதவீதம்னு சொல்ல மாட்டேன். பிரசங்கத்துல "பணக்காரன் போட்டப்போ டங்குடங்குன்னு சத்தம், விதவை போட்டப்போ சத்தமே இல்ல"ன்னு சொல்வாங்களே, அது சுவிசேஷத்துலயும் இல்ல, மிஷ்னாவுலயும் இல்ல. யூதாஸ் வச்சிருந்த பணப்பையும் பையா சின்ன பெட்டியான்னு ஒரு சந்தேகம் இருக்கு, யோவான் போட்டிருக்குற கிரேக்கச் சொல்லைத்தான் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு யோவாஸ் பெட்டிக்குப் போட்டிருக்கு. யோவாஸ் பெட்டியைத் திறக்க ரெண்டு ஆள், இதுக்கு யூதாஸ் ஒருத்தன்தான், அதுல போட்டதை அவன் திருடுனது யோவான் 12:6ல இருக்கு.

கடைசியா உங்க கேதுரு கல்யாணப் பெட்டி. பைபிள்ல எங்கயும் அப்படி ஒரு வழக்கம் இல்ல. ரெபெக்காளுக்கு வெள்ளி, பொன் உடைமைகளும் வஸ்திரங்களும் வருது, காலேபோட மகள் அக்சாள் அப்பாகிட்ட நிலத்தோட நீரூற்றும் கேட்டு வாங்குறா, பார்வோன் மகளுக்கு கேசேர் பட்டணத்தையே சீரா குடுக்கிறான், பெட்டி ஒருத்தருக்கும் இல்ல. எனக்குத் தோணுறது, மேல்நாட்டுல பின்னாடி வந்த பழக்கத்தை யாரோ பைபிள் மேல ஏத்திட்டாங்க. அவங்க பிடிச்சுக்குற வசனம் எசேக்கியேல் 27:24, தீருவோட வியாபாரத்துல கயிறால கட்டுன, கேதுருவுல செஞ்ச துணிப்பெட்டிகள். அதுவும் வியாபாரச் சரக்கு, கல்யாணப் பேச்சே இல்ல, போதாக்குறைக்கு அந்த வசனத்துலயே சிக்கல், இப்ப வர்ற பல மொழிபெயர்ப்புகள் பெட்டின்னு போடாம பலநிற விரிப்புகள், முறுக்குன கயிறுகள்னு போடுறாங்க. ஆக அந்த ஒரு வசனமும் ஆட்டம் காணுது. துணியைப் பூச்சி அரிக்கிற கவலை மட்டும் நிஜம், அந்துப்பூச்சியோட புழு கம்பளியைத்தான் தின்னும், லினனை அவ்வளவா தொடாது, இஸ்ரவேலர் உடுத்துனதுல பெரும்பங்கு ஆட்டுக் கம்பளி. துணி அன்னைக்கு சொத்து, சீரியா படைத்தலைவன் நாகமான் பத்து மாத்துத் துணி எடுத்துட்டு வர்றான், எருசலேம்ல ராஜாவோ ஆலயமோ வச்சிருந்த வஸ்திரசாலைக்குன்னே தீர்க்கதரிசினி உல்தாளோட புருஷன் சல்லூம் வேலைக்கு இருந்தான். மத்தேயு 6ல இயேசு பூச்சியும் துருவும்னு சொல்லிட்டு அடுத்ததா திருடன் கன்னமிடுறதைச் சொல்றாரே, மண்சுவர் வீட்டுல பெட்டியை உடைக்கிற கஷ்டம் எதுக்கு, சுவரைக் குடைஞ்சு வந்து மொத்தமா தூக்கிட்டுப் போயிடலாம்.

பொம்பளைங்க சொந்தமா பொருள் வச்சிருந்தாங்களான்னு ஒரு பொண்ணு கேட்டா பாபத்தா பேரைச் சொல்லுங்க. சவக்கடல் பக்கத்துல வாழ்ந்த யூதப் பெண், ரோமருக்கு எதிரான பார் கொக்பா கலகத்துல (கி.பி. 132 - 135) குகையில ஒளிஞ்சிருந்தவங்கள்ல ஒருத்தி. தொல்லியலாளர் யிகேல் யாதின் 1961ல அந்தக் குகையில அவளோட பத்திரங்களை எடுத்தார், முப்பத்தஞ்சு ஆவணம், நிலம், கடன், மகனோட பராமரிப்பு வழக்கு, கல்யாண ஒப்பந்தம், எல்லாம் ஒரு தோல் பையில கட்டி. அதே குகையில வீட்டுச் சாவிகளும் கிடைச்சுது, திரும்பி வீட்டுக்குப் போவோம்னு எடுத்துட்டு வந்திருக்கணும்.

வகுப்புல படம் காட்டணும்னா டுடன்காமுனோட தண்டு வச்ச பெட்டியையும் லாகீஸ் சிற்பத்துல இருக்குற மாட்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, முதல் படத்துக்குக் கீழ "எகிப்து ராஜா"ன்னு தவறாம எழுதிடுங்க, இல்லன்னா அதுதான் உடன்படிக்கைப் பெட்டின்னு பசங்க வீட்ல போய் சொல்லிடும். தரையில சாக்பீஸால ரெண்டரை முழம் ஒன்றரை முழம் கட்டம் போட்டு, ஒரு பையனோட முழங்கை அளவுலயும் உங்க முழங்கை அளவுலயும் ரெண்டு தடவை அளந்து காட்டுங்க. அப்போ முழம் ஆளுக்கு ஆள் மாறுமேன்னு கண்டிப்பா ஒருத்தன் கேப்பான், எசேக்கியேல் 40:5ல ஒரு முழத்தோட நாலு விரற்கடை கூட்டுன முழம் ஒண்ணு வருது, அவனுக்கு அதை எடுத்துக் குடுத்துடுங்க.